படகு வேண்டாம், பட்டியல் போடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வெள்ளக் காலமும் மாணவர்களும்

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் கல்லூரி மாணவர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். 2015-ல் சென்னையும் கடலூரும், 2018-ல் கஜா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம், அது வடிந்து இரண்டு வாரத்துக்குள் தாமிரபரணிக் கரை, 2024-ல் ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு முறையும் மாணவர்கள் ஓடி வந்தார்கள். எங்கே போய் நிற்பது, எதைத் தொடுவது என்று தெரியாமல் திணறியவர்களும் அவர்களில் உண்டு. நிவாரணப் பணியும் பொதுச் சுகாதாரமும் அறிந்தவர்களின் பதில்கள் இங்கே.

நாங்கள் எட்டு நண்பர்கள். நீச்சல் தெரியும். கயிறு, ரப்பர் பூட்ஸ், டார்ச் எல்லாம் வாங்கிவிட்டோம். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் போகலாமா?
– இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவர், தாம்பரம்

போகாதீர்கள். கிணற்றிலும் குளத்திலும் கற்ற நீச்சல் ஓடும் தண்ணீரில் எடுபடாது. வேகமாக ஓடும் நீர் அரையடி இருந்தாலே பெரியவரின் காலை வாரிவிடும். இரண்டடி இருந்தால் காரையே மிதக்க வைத்து இழுத்துப் போகும். நீங்கள் வாங்கிய பூட்ஸும் முழங்கால் அளவு தண்ணீர் வரைதான். அதற்கு மேல் போனால் உள்ளே நீர் நிறைந்து காலைத் தூக்கவிடாது. எல்லாவற்றையும் விட ஆபத்து அந்தக் கயிறு. இடுப்பில் ஒரு முனையும் மின்கம்பத்தில் மறுமுனையும் கட்டிக்கொண்டு இறங்குவது பாதுகாப்பு என்று தோன்றும். கால் சறுக்கியதும் நீரோட்டம் உடம்பைத் தள்ளும், கயிறு பிடித்து நிறுத்தும், தலை தண்ணீருக்கு அடியில் போய்விடும். முடிச்சை அவிழ்க்கவும் முடியாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளும் இருக்கின்றன. மூடி போன பாதாளச் சாக்கடை, தண்ணீருக்குள் நிற்கும் தெருவோர மின்பெட்டி, அறுந்து கிடக்கும் கம்பி. மீட்பு வேலையைத் தீயணைப்புத் துறையும், அரக்கோணத்தில் தளம் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் அணியும், படகோடு வரும் மீனவர்களும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வெளியூரிலிருந்து வரும் அவர்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்: உங்கள் தெரு. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு தாத்தா இருக்கிறார், யாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், எந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம், எந்தச் சந்து முட்டுச்சந்து என்பதை ஒரு தாளில் எழுதி, காய்ந்த இடத்தில் நின்று படகுக்காரரிடம் கொடுங்கள். படகு சுற்றி அலையும் நேரம் அதில் மிச்சமாகும்.

வெள்ளம் வந்த ஊரிலிருந்து 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். விடுதி அறையிலிருந்தே உதவ வழி உண்டா?
– பி.சி.ஏ. மாணவி, கோவை

உண்டு. மின்சாரமும் இணையமும் இருக்கும் ஊரில் உட்கார்ந்திருப்பதுதான் உங்கள் பலம். வெள்ளம் சூழ்ந்த ஊரில் இரண்டுமே இருக்காது.

உதவி கேட்டு வரும் செய்திகளைச் சரிபார்த்துப் பட்டியலாக்குங்கள். ஒரு வரியில் இருக்க வேண்டியவை: வரிசை எண், செய்தி வந்த தேதியும் நேரமும், பெயர், கதவு எண், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது கடை, எத்தனையாவது மாடி, மொத்தம் எத்தனை பேர், அதில் குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் எத்தனை, என்ன தேவை, இரண்டு தொலைபேசி எண்கள், உறுதி செய்தவர் பெயர், நிலை. நிலை என்ற கட்டத்தில் நான்கே சொற்களை அனுமதியுங்கள்: புதியது, உறுதி, ஒப்படைத்தது, முடிந்தது. ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று ஒருவர் எழுதினால், அந்த வரியை வேறு யாரும் தொட மாட்டார்கள். எழுதியவரும் தூங்கப் போயிருப்பார்.

கெட்டுப்போவது எங்கே என்று சொல்கிறோம். ஒரே குடும்பத்துக்காகச் சித்தப்பா, மாமா, அலுவலக நண்பர் என்று மூன்று பேர் மூன்று செய்தி போடுவார்கள். பெயரை வைத்துத் தேடினால் பிடிபடாது, தொலைபேசி எண்ணை வைத்துத் தேடுங்கள். தேதி இல்லாத செய்தி, ஆட்கள் மீட்கப்பட்ட பிறகும் நாள்கணக்கில் வாட்ஸ்அப்பில் சுற்றும். ஒரு முறையாவது அழைத்துப் பேசாமல் எதையும் மேலே அனுப்பாதீர்கள். கணினித் தாளில் எல்லாருக்கும் திருத்தும் உரிமை கொடுத்தால், யாரோ ஒருவர் பெயர் வரிசையை மட்டும் அகர வரிசையில் அடுக்கிவிடுவார். அந்த நொடியில் பெயர் ஒருவருடையதாகவும் முகவரி இன்னொருவருடையதாகவும் மாறிவிடும். நான்கு பேருக்கு மட்டும் திருத்தும் உரிமை, மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும். மணிக்கு ஒரு முறை நகல் எடுத்து வையுங்கள்.

சிக்கியிருப்பவரைத் திரும்பத் திரும்ப அழைத்து அவருடைய பேட்டரியைத் தீர்த்துவிடாதீர்கள். குறுஞ்செய்தி போதும். அலைவரிசை பலவீனமாக இருக்கும்போது அழைப்பை விட அதுதான் போய்ச் சேரும். ஆக்சிஜன், டயாலிசிஸ், இன்சுலின், பிரசவம் என்று வந்தால் உங்கள் வரிசையில் வைக்காதீர்கள். உடனே 108-க்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. நீங்கள் வேறு மாவட்டத்தில் இருப்பதால் அந்த ஊரின் எஸ்.டி.டி. குறியீட்டைச் சேர்த்துச் சுழற்ற வேண்டும். இல்லாவிட்டால் கோவைக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். கை மாற்றும்போது கால் மணி நேரம் இருவரும் சேர்ந்து இருங்கள். எல்லாம் முடிந்த பிறகு தாளை அழித்துவிடுங்கள். தனியாக இருக்கும் முதியவர்களின் முகவரியும் எண்ணும் இணையத்தில் கிடப்பது திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது மாதிரி.

எங்கள் கல்லூரியில் நிவாரணப் பொருள் சேகரிக்கிறோம். ஒரு குடும்பத்துக்கு என்னென்ன, எவ்வளவு வைப்பது? பழைய துணி வாங்கலாமா?
– வணிகவியல் துறை மாணவர் மன்றம், மதுரை

துணிக் கேள்விக்கு முதலில் பதில்: வாங்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழைய துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை, தொடாததில் நியாயமும் இருந்தது. அதை அள்ளுவதே பிறகு தனி வேலையானது. புதிய லுங்கி, நைட்டி, துண்டு, உள்ளாடை, போர்வை என்றால் பயன்படும். உள்ளாடையை யாரும் நினைப்பதே இல்லை. முகாமில் மூன்றாம் நாள் அதிகம் தேவைப்படுவது அதுதான்.

மளிகை கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வீட்டில் அடுப்பு எரியுமா? அடுப்பும் சிலிண்டரும் தண்ணீருக்குள் இருக்கும்போது அரிசிப் பை கொடுத்தால் அதை என்ன செய்வார்கள்? முதல் இரண்டு மூன்று நாள் சமைத்த உணவு, குடிநீர், பால் பவுடர், வாழைப்பழம். தண்ணீர் வடிந்து அடுப்பு பற்றிய பிறகுதான் மளிகை.

நான்கு பேர் குடும்பத்துக்கு ஐந்து நாளைக்கு: அரிசி 6 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, கோதுமை ரவை 1 கிலோ, எண்ணெய் அரை லிட்டர், உப்பு அரை கிலோ, சர்க்கரை அரை கிலோ, புளி 250 கிராம், மிளகாய்த்தூள் 100 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், டீத்தூள் 100 கிராம், பால் பவுடர் 200 கிராம். இதுவே பத்துக் கிலோவைத் தாண்டும். இரண்டாவது பையில்: குளியல் சோப்பு 2, துணி சோப்பு 2, நாப்கின் 2 பாக்கெட், கொசுவத்தி, மெழுகுவத்தி 6, பிளாஸ்டிக் உறைக்குள் தீப்பெட்டி 2, பற்பசை, குளோரின் மாத்திரை, போர்வை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். எடை ஒரு காரணம். சோப்பு வாடை ரவையில் ஏறிவிட்டால் குழந்தைகள் வாயில் வைக்க மாட்டார்கள் என்பது இன்னொன்று. எண்ணெய்ப் பாக்கெட்டைத் தனி உறையில் போட்டுப் பையின் மேல்பக்கம் வையுங்கள். அடியில் வைத்தால் லாரி ஓரிடத்தில் குலுங்கினாலும் மொத்தப் பையும் பாழ்.

குளோரின் மாத்திரை தவிர, மருந்து மாத்திரை அட்டை எதையும் பையில் போடக் கூடாது. ஓ.ஆர்.எஸ். விதிவிலக்கு. பெரிய பாக்கெட் என்றால் ஒன்று ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. உறையில் போட்டிருக்கும், ஆனால் பொடி எழுத்தில் இருக்கும். பாக்கெட் மேல் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

விடுதிச் சமையல்கூடத்தில் 300 உணவுப் பொட்டலம் போடலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. போன ஆண்டு பாதி ஊசிப்போய்விட்டது. எங்கே தவறு?
– விடுதி மாணவர்கள், திருச்சி

சாதம் கொதிக்கக் கொதிக்கக் கட்டியதில்தான் தவறு இருக்கும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி, இரண்டு மூன்று மணி நேரத்தில் சாதம் நூல் விடும். வடித்ததும் சுத்தமான வெள்ளைத் துணியிலோ பெரிய தாம்பாளத்திலோ இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கிய பிறகு கலந்து கட்டுங்கள்.

அளவு: ஆளுக்கு 110 கிராம் அரிசி. 300 பொட்டலத்துக்கு 33 கிலோ, மூன்று அண்டாவாகப் பிரித்து வடியுங்கள். ஒரே அண்டாவில் வடித்தால் அடியில் குழைந்து மேலே அரைவேக்காடாக இருக்கும். புளியோதரை என்றால் 10 கிலோ அரிசிக்குப் புளி 1 கிலோ, நல்லெண்ணெய் 1 லிட்டர், உப்பு 200 முதல் 250 கிராம். புளிக்காய்ச்சலை முதல் நாள் இரவே காய்ச்சி வைத்துவிடலாம். காலையில் சாதம் மட்டும்தான் வேலை. தேங்காய் எந்த உருவத்திலும் வேண்டாம். உருளைக்கிழங்கு மசியல், முட்டை வேண்டாம். தயிர்சாதம் முகாம் பக்கத்திலேயே இருந்தால் மட்டும். சாம்பார் சாதம் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் பருப்பு சேர்ந்தது சீக்கிரம் கெடும். பயண நேரம் ஒரு மணிக்குள் என்றால் போடுங்கள்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் ‘வடித்த நேரம் – இதற்குள் சாப்பிடவும்’ என்று எழுதுங்கள். வடித்ததிலிருந்து நான்கு மணி நேரம் கணக்கு. புளியோதரை அதற்கு மேலும் தாங்கும் என்பது வீட்டுக் கணக்கு, பத்துக் கை பட்ட சமையலுக்கு அதை நம்ப வேண்டாம். கையில் புண், வயிற்றுப்போக்கு உள்ளவர் கட்டும் இடத்துக்கு வரக் கூடாது. கணக்கு எழுதும் வேலை கொடுங்கள்.

இன்னொன்று. வாய்ப்பிருந்தால் பொட்டலத்தை அனுப்புவதை விட அரிசியையும் கேஸையும் அந்த ஊருக்கே அனுப்புவது மேல். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் நின்றுபோனபோது, பக்கத்துப் புதுக்குடி மக்கள்தான் சமைத்துப் போட்டார்கள். உள்ளூர் அடுப்பு பக்கத்திலேயே இருப்பதால் சாதம் ஊசிப்போக நேரமே இருக்காது.

வெள்ளம் வடிந்த கிராமத்தில் கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஒரு கிணற்றுக்கு ஒரு கை’ என்கிறார்கள். சரியா?
– நாட்டு நலப்பணித் திட்ட மாணவி, தூத்துக்குடி மாவட்டம்

ஒரு கை யாருடைய கை? குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. மக்கள் குளத்துக்குப் போய்விடுவார்கள். அளந்து போடுங்கள்.

முதலில் கிணற்றில் எவ்வளவு நீர் என்று பாருங்கள். கல் கட்டிய கயிற்றை இறக்கி நனைந்த நீளத்தை அளந்தால் நீரின் ஆழம். விட்டத்தை மேலே அளந்துகொள்ளலாம். இரண்டும் மீட்டரில். 3.14 × விட்டம் × விட்டம் × ஆழம் ÷ 4 × 1000 = லிட்டர். ஒன்றரை மீட்டர் விட்டம், நான்கு மீட்டர் நீர் என்றால் சுமார் 7,000 லிட்டர். நல்ல, புதிய பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது சாதாரண நாளின் கணக்கு, அதாவது இந்தக் கிணற்றுக்கு ஏறக்குறைய 18 கிராம். வெள்ளத்துக்குப் பிறகு கலங்கலும் அழுகலும் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் இரட்டிப்பில் தொடங்கி, பிறகு சோதித்துப் பாருங்கள். மளிகைக் கடைத் தராசு இந்த எடையைச் சரியாகக் காட்டாது. வேதியியல் ஆய்வகத் தராசில் 20 கிராம் பொட்டலங்களாக ஜிப் உறையில் கட்டி, அன்றைக்கே பயன்படுத்துங்கள். காற்றும் ஈரமும் பட்டால் பவுடர் வீரியம் இழக்கும். கட்டி தட்டி, மூக்கில் ஏறும் நெடி இல்லாமல் இருந்தால் அது வெறும் சுண்ணாம்பு.

அப்படியே தூவக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் இழுத்து நன்றாகக் கலக்குங்கள். மண்டியைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. இரவில் போட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பிறகு, தண்ணீரில் எஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பில் சோதனை. தண்ணீர் எடுத்து ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டதும் மஞ்சள் நிறம் வரும். பத்து விநாடிக்குள் நிறத்தை ஒப்பிடுங்கள், கால் மணி கழித்துப் பார்த்தால் வேறு அளவு காட்டும். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால் போதும். நிறமே வராவிட்டால் இன்னொரு முறை போட வேண்டும். சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது.

வெள்ளம் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கிய கிணறு என்றால் முதலில் இறைத்துத் தூர் எடுக்க வேண்டும். ஆனால் சுற்று மண் ஊறிக் கிடக்கும்போது பழைய செங்கல் கிணற்றை மோட்டார் வைத்து ஒரேயடியாக வற்ற வைத்தால் சுவர் உள்ளே சரியும். விட்டு விட்டு இறைக்கச் சொல்லுங்கள், யாரையும் உள்ளே இறங்க விடாதீர்கள். பெட்ரோல் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளோ சம்ப்புக்குள்ளோ இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையில் மூச்சு நின்றுவிடும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் குளோரின் எதற்கும் உதவாது. ஊராட்சிக்குச் சொல்லிவிட்டு அந்தக் கிணற்றை மூடி வையுங்கள்.

வீட்டுக் குடத்துக்கு: தண்ணீரை நான்காக மடித்த துணியில் வடிகட்டி, 20 லிட்டர் கேனுக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று, அரை மணி நேரம் காத்திருங்கள். வடிகட்டாமல் போட்டால் மாத்திரை சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். கழிவறை ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துத் தரை கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளம்புவது விஷ வாயு. வீடு வீடாகப் போகும்போது இதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

வெள்ள வேலைக்குச் சான்றிதழ் கிடைக்குமா? வருகைப் பதிவு போய்விடுமே?
– கணிதம் இரண்டாம் ஆண்டு மாணவர், விழுப்புரம்

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தால் ஆண்டுக்கு 120 மணி, இரண்டு ஆண்டில் 240 மணி கணக்கு. வெள்ள வேலையையும் அதில் சேர்க்கலாம். திட்ட அலுவலரிடம் போவதற்கு முன்பே சொல்லி, நாள்தோறும் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போய்விட்டு வந்து கேட்டால் அவர் எதை வைத்து எழுதுவார்? வருகைப் பதிவுக்கும் அதே கடிதம்தான், துறைத் தலைவருக்கு ஒரு நகல். திட்டத்தில் இல்லாவிட்டால் மணிக்கணக்கை மறந்துவிட்டு, தேர்வு இல்லாத வாரத்தில் போங்கள்.

எங்கள் வீட்டிலேயே நான்கடி தண்ணீர். சான்றிதழ், ரெக்கார்டு நோட்டு எல்லாம் நனைந்துவிட்டது. நானே போன வருடம் பொட்டலம் கொடுத்தவள், இப்போது வரிசையில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. செமஸ்டர் கட்டணத்துக்கும் வழியில்லை.
– பி.எஸ்சி. மாணவி, கடலூர்

வரிசையில் நில்லுங்கள் தங்கையே. நீங்கள் கொடுத்தபோது வாங்கியவர்களைத் தாழ்வாக நினைத்தீர்களா?

சான்றிதழை இன்றே கவனிக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்காதீர்கள், மையைத் துடைக்காதீர்கள். சேறு இருந்தால் சுத்தமான தண்ணீரைத் தட்டில் ஊற்றி, தாளை ஒரு பிளாஸ்டிக் தாள்மேல் வைத்து மெல்ல முக்கி எடுங்கள். மைக் கையெழுத்து கரைகிறது என்று தெரிந்தால் அதுவும் வேண்டாம். அச்சில்லாத வெள்ளைத் தாளையோ பருத்தித் துணியையோ கீழும் மேலும் வைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருளும், மங்கும். செய்தித்தாள் மை ஒட்டும். ஓரளவு காய்ந்ததும் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் நேராகும். இரண்டு நாளில் உலர்த்த முடியாத அளவு கட்டாக இருந்தால், பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தெரிந்தவர் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடிக்காது, பிறகு நிதானமாகப் பிரிக்கலாம். லேமினேட் செய்ததற்குள் நீர் புகுந்திருந்தால் கடையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லாதீர்கள். சூடு பட்டால் அச்சு பிளாஸ்டிக்கோடு போய்விடும். அப்படியே வைத்துக்கொண்டு நகலுக்கு விண்ணப்பியுங்கள்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகலுக்குப் படித்த பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். நகல் தருவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். டிஜிலாக்கரில் இருக்கிறதா என்றும் முதலில் தேடிவிடுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இதற்கென்றே அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. இம்முறை அறிவிப்பு வருகிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

வீட்டைக் கழுவும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி எல்லா அறையையும் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது, கழுவிய வீட்டைப் பார்த்து ‘இங்கே என்ன சேதம்?’ என்பார். மெயின் சுவிட்சை அணைத்த பிறகே உள்ளே கால் வையுங்கள். கதவுக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில் கம்பால் தட்டிவிட்டுக் கை விடுங்கள், பாம்பும் மேட்டைத் தேடித்தான் வந்திருக்கும். சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட வேண்டும், காய்ந்தால் மண்வெட்டிதான். ஃப்ரிட்ஜை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று போட்டுப் பார்க்காதீர்கள்.

கட்டணத்துக்குக் கல்லூரி முதல்வர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: எவ்வளவு கட்ட வேண்டும், எவ்வளவு அவகாசம் வேண்டும், எத்தனை தவணை. கூடவே கிராம நிர்வாக அலுவலரின் சான்று, வீட்டுப் படம். ‘உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் கோப்பு நகராது. ‘பொங்கல் முடிந்து இரண்டு தவணை’ என்று எழுதினால் ஆமாம், இல்லை என்று பதில் வந்தே தீரும். ரெக்கார்டு நோட்டை அடுத்த வகுப்புத் தோழியிடம் படம் எடுத்து வாங்குங்கள். மறுபடி எழுத நேரம் கேட்டு அதே வாரம் ஆய்வக ஆசிரியரைப் பாருங்கள், தேர்வுக்கு முதல் நாள் அல்ல.

என் ஜி-பே எண்ணைப் போட்டுப் பணம் திரட்டலாமா? துபாயில் இருக்கும் மாமா, கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை எல்லாம் அனுப்பத் தயார்.
– பொருளியல் மாணவர், திருநெல்வேலி

திரட்டாமல் இருக்க முடிந்தால் நல்லது. கொடுப்பவரையே மளிகைக் கடைக்கு நேராகப் பணம் போடச் சொல்லி, கடைக்காரரிடம் ரசீது வாங்குங்கள். உங்கள் கணக்கில் உங்கள் கைச்செலவும் ஊர்ப் பணமும் கலந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கணக்கு காட்ட முடியாது. திரட்டியே தீர வேண்டும் என்றால் வேறு செலவே இல்லாத ஒரு கணக்கு, இரண்டு பேர் பொறுப்பு, தினம் இரவு ஒன்பது மணிக்கு வரவு, செலவு, இருப்பு மூன்றையும் குழுவில் போடுவது, இலக்கு எட்டியதும் ‘போதும்’ என்று அறிவிப்பது.

வெளிநாட்டுப் பணத்தில் சட்டம் குறுக்கிடும். மாமாவிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், அவர் சம்பாதித்ததை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அத்தை வெளிநாட்டுக் குடிமகள். பதிவில்லாத மாணவர் குழு அவரிடம் பொதுக் காரியத்துக்குப் பணம் வாங்குவது 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் சிக்கலாகும். முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

முகாமில் பத்து நாள் இருந்துவிட்டு வந்த என் அறைத் தோழன் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. முகாமில் அழுகிறவர்களிடம் என்ன பேசுவது என்றும் சொல்லுங்கள்.
– விடுதி மாணவர், சேலம்

முகாமில்: பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், ‘இப்போது என்ன வேண்டும்?’ என்று கேளுங்கள். நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்லித் தூண்டக் கூடாது. அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்கலாம். ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’, ‘உயிராவது மிஞ்சியதே’ இரண்டும் வேண்டாம். காணாமல் போனவர் பற்றித் தெரியாத எதையும் வாக்குறுதியாகச் சொல்லாதீர்கள். குழந்தைகளுக்குச் சாக்பீஸும் கொஞ்சம் தரையும் கொடுத்தால் போதும், அவர்களே விளையாட்டு கண்டுபிடிப்பார்கள். கையில் படம் எடுக்கும் கைபேசியோடு எவர் பக்கத்திலும் போகாதீர்கள்.

உங்கள் தோழனுக்கு: இரண்டு நாள் முழு ஓய்வு, வேளைக்குச் சாப்பாடு, வெள்ளக் காட்சிகள் ஓடும் கைபேசி தூரத்தில். முகாமிலிருந்து வரும் அழைப்புகளை வேறொருவர் எடுக்கட்டும். இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் திரும்பாவிட்டால், அல்லது இடையில் எப்போதாவது ‘இருந்து என்ன பயன்’ என்ற மாதிரிப் பேச்சு வந்தால், உடனே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம். மாநிலச் சுகாதார உதவி எண் 104. அன்றிரவு அவனைத் தனியாக விடாதீர்கள்.

என் மகள் வெள்ளம் வடிந்த தெருவில் சேறு அள்ளப் போய்விட்டு வந்தாள். எட்டாம் நாள் காய்ச்சல். கெண்டைக்கால் வலி என்று அழுகிறாள், கண் சிவந்திருக்கிறது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.
– ஒரு தாய், சென்னை

இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் அம்மா. எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கும் சிறு கீறல் வழியாகவே உள்ளே போகும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில் காய்ச்சல் காட்டும். சீக்கிரம் பிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் குணமாகும், விட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். மருத்துவரிடம் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லாமல், ‘எட்டு நாளுக்கு முன் வெள்ளச் சேற்றில் வேலை செய்தாள்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போங்கள்.

அவளோடு சேறு அள்ளிய மற்ற பிள்ளைகளுக்கும் தகவல் சொல்லுங்கள். வேலைக்குப் போகுமுன் தடுப்பு மாத்திரை தேவையா என்று ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும், இனிப் போகிறவர்களாவது கேட்கட்டும். டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி எப்போது போட்டது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். செருப்போடு சேற்றில் இறங்கக் கூடாது. வடிந்த தெருவுக்கு அந்த ரப்பர் பூட்ஸ்தான் சரி. தாம்பரம் மாணவர் வாங்கி வைத்திருப்பது வீண்போகாது.